நான்கு ஹோஸ்ட் இருந்தும் வீசான் மறுகட்டுமானம் நின்றுவிட்டது. சில ஆப்ஜெக்ட்கள் திறக்கவே மறுக்கின்றன

செங்கதிர் | வெள்ளி, இரவு 8.52

அனைவருக்கும் வணக்கம். அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் இருப்பது நான்கு ஹோஸ்ட் (விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள், ஓடும் சர்வர்) கொண்ட வீசான் கிளஸ்டர்; சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாக்கும் விஎம்வேர் மென்பொருள்தான் வீசான். ஹோஸ்டை இயக்கும் மென்பொருள் ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7 அப்டேட் 3, டிஸ்க் முழுவதும் ஃபிளாஷ். ஒவ்வொரு ஹோஸ்டிலும் இரண்டு டிஸ்க் குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு கேஷ் எஸ்எஸ்டி (எழுத்துகளை முதலில் வாங்கும் டிஸ்க்), 3.84 டிபி கொள்ளளவு டிஸ்க் நான்கு. டீடூப் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிப்பது), கம்ப்ரஷன் இரண்டும் கிடையாது. எல்லா விஎம்களுக்கும் ரெய்டு 1 (இரட்டைப் பிரதி), எஃப்டிடி 1 (ஒரு பழுதைத் தாங்கும் அளவு). மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 71 சதவீதம் நிரம்பியிருக்கிறது.

இன்று மாலை ஹோஸ்ட் 1, ஃபர்ம்வேர் வேலைக்காக மெயின்டனன்ஸ் மோடில் இருந்தது. தேர்ந்தெடுத்தது 'என்ஷூர் அக்சஸிபிலிட்டி', அதாவது எல்லாத் தரவையும் நகர்த்தாமல் விஎம்கள் திறந்திருப்பதை மட்டும் உறுதிசெய்யும் முறை. அந்த நேரம் பார்த்து ஹோஸ்ட் 3இன் முதல் டிஸ்க் குரூப் கழன்றுவிட்டது. அதன் கேஷ் எஸ்எஸ்டியே காணவில்லை. ஹோஸ்ட் 1ஐ உடனே மெயின்டனன்ஸ் மோடிலிருந்து மீட்டுக் கிளஸ்டருக்குக் கொண்டுவந்தோம். பெரும்பாலான விஎம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணக்குப் பிரிவின் டேட்டாபேஸ் உட்படச் சில விஎம்கள் மட்டும் நின்றுவிட்டன.

ஹெல்த் பக்கத்தில் இப்போது இரண்டு வகைச் சிவப்பு. ஏராளமான ஆப்ஜெக்ட்கள் (விஎம்மின் டிஸ்க் போன்ற சேமிப்பு அலகுகள்) 'ரெடியூஸ்டு அவெய்லபிலிட்டி வித் நோ ரீபில்ட்' என்கின்றன. அதாவது பாதுகாப்பு குறைந்துவிட்டது, மறுகட்டுமானமும் (இழந்த பிரதியை மறுபடி உருவாக்குவது) நடக்கவில்லை. கொஞ்சம் ஆப்ஜெக்ட்கள் 'இன்அக்சஸிபிள்', அதாவது திறக்கவே முடியாதவை. பழுதானது திரும்புமா என்று வீசான் பார்க்கும் 60 நிமிடக் காத்திருப்பு முடிந்ததும் மறுகட்டுமானம் தானாகத் தொடங்கியது, சற்று ஓடியது, பிறகு நின்றுவிட்டது. நான்கு ஹோஸ்டில் ஒரு டிஸ்க் குரூப் போனால் மற்ற மூன்றில் இடம் இருக்க வேண்டாமா? ஹோஸ்ட் 1 திரும்பி வந்த பிறகும் டேட்டாபேஸ் ஏன் திறக்கவில்லை? அதன் கம்போனென்ட்கள் (ஓர் ஆப்ஜெக்டின் துண்டுகள்) ஹோஸ்ட் 1இல் 'ஆக்டிவ்-ஸ்டேல்' (இருக்கிறது, ஆனால் பழையது) என்று காட்டுகின்றன, ஹோஸ்ட் 3இல் 'ஆப்சென்ட்' (இப்போதைக்கு இல்லை).

ரஃபீக் | இரவு 9.03

முதலில் 'ரிப்பேர் ஆப்ஜெக்ட்ஸ் இமீடியட்லி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், கழன்ற டிஸ்க் குரூப்பை நீக்கிவிட்டு, புது கேஷ் போட்டு மறுபடி உருவாக்குங்கள். நான் இரண்டு இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறேன். காலைக்குள் எல்லாம் பச்சை.

வட்டுவாசி | இரவு 9.08

செங்கதிர் தம்பி, ஒரு நிமிடம். அந்த டிஸ்க் குரூப்பை யாரும் தொடக்கூடாது. நீக்குவது, பார்ட்டிஷனைத் துடைப்பது, கேஷ் மாற்றுவது எதுவும் வேண்டாம். டீமில் வேறு யாராவது வீசென்டரில் (நிர்வாகத் திரையில்) உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

காரணம் இது. ரெய்டு 1, எஃப்டிடி 1 என்றால் ஓர் ஆப்ஜெக்டுக்கு இரண்டு பிரதி, ஒரு விட்னஸ் (தரவு இல்லாமல் வாக்கு மட்டும் உள்ள துண்டு). திறக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள்: வாக்குகளில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்க வேண்டும், முழுமையான, புதிய பிரதி ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் டேட்டாபேஸின் பிரதிகள் ஹோஸ்ட் 1இலும், ஹோஸ்ட் 3இன் கழன்ற குரூப்பிலும் இருந்திருக்கின்றன. ஹோஸ்ட் 1 மெயின்டனன்ஸில் இருந்த நேரத்தில் எழுதப்பட்டவை அனைத்தும் ஹோஸ்ட் 3க்கு மட்டுமே போயின. அந்த நேரத்தின் ஒரே சாட்சி இப்போது காணாமல்போன குரூப்தான். ஹோஸ்ட் 1 திரும்பி வந்தாலும் தன்னிடம் இருப்பது பழையது என்று வீசானுக்குத் தெரியும், அதனால்தான் ஸ்டேல். விட்னஸ் ஒன்று மட்டும் மிஞ்சியதால் வாக்கும் போதவில்லை.

ரஃபீக் சொன்னபடி குரூப்பை நீக்கினால், மாலை நேரத்துத் தரவின் ஒரே நல்ல பிரதியை உங்கள் கையாலேயே அழித்ததாகும்.

ரஃபீக் | இரவு 9.14

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. நான் பார்த்த இடங்களில் ஒற்றைப் பழுதுதான். வேறு ஹோஸ்ட் எதுவும் வெளியே இருக்கவில்லை. மெயின்டனன்ஸ் பற்றிய வரியைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பொத்தான் கெடுதல் செய்யாதே?

தாமரை | இரவு 9.21

அந்தப் பொத்தான் செய்வது 60 நிமிடக் காத்திருப்பைத் தாண்டிப்போவது மட்டும். இங்கே காத்திருப்பு எப்போதோ முடிந்துவிட்டது. இன்அக்சஸிபிள் ஆப்ஜெக்ட்களுக்கு நகலெடுக்க மூலமே இல்லை. அவற்றுக்கு அதனால் பயனில்லை. மற்றவை ஏன் நின்றன என்பதைக் கண்டுபிடிக்காமல் அழுத்துவதில் பொருள் இல்லை.

செங்கதிர், சில விவரங்கள் வேண்டும். ஒவ்வொரு ஹோஸ்டிலும் கிளஸ்டர் நிலையைக் கேட்கும் ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ கட்டளையில் உறுப்பினர் எண்ணிக்கை 4 என்று வருகிறதா? ஜம்போ ஃபிரேம் (பெரிய நெட்வொர்க் பொட்டலம்) பயன்படுத்துகிறீர்கள் என்றால், வீசானின் நெட்வொர்க் வாசலான விஎம்கே போர்ட்டிலிருந்து துண்டாக்கக்கூடாது என்ற தெரிவோடு 8972 பைட் பிங் நான்கு பக்கமும் போகிறதா? நெட்வொர்க் பிளவு இல்லை என்று உறுதியாகாமல் டிஸ்க் பக்கம் போனால் இரவு முழுவதும் வீணாகும்.

அடுத்து ஹோஸ்ட் 3இல் டிஸ்க் நிலையைக் காட்டும் விடிக்யூ கட்டளையின் வெளியீடு; காணாமல்போன கேஷுக்கு எதிரே 'இஸ் பிடிஎல்' (நிரந்தரமாக இழந்ததா) என்ற வரியில் 0 இருக்கிறதா, 1 இருக்கிறதா? விஎம்கர்னல் லாக்கில் குரூப் விழுந்த நேரத்தை ஒட்டி அந்த எஸ்எஸ்டிக்கு என்ன பிழை பதிவாகியிருக்கிறது? கடைசியாக, ஃபால்ட் டொமைன் (ஒன்றாகப் பழுதாகக்கூடிய ஹோஸ்ட்களின் குழு) ஏதாவது அமைத்திருக்கிறீர்களா?

செங்கதிர் | இரவு 9.47

அக்கா, நான்கு ஹோஸ்டிலும் உறுப்பினர் எண்ணிக்கை 4. பிங் எல்லாத் திசையிலும் போகிறது, இழப்பு இல்லை.

'இஸ் பிடிஎல்' 0. லாக்கில் அந்த எஸ்எஸ்டிக்குத் தொடர்ந்து ஹோஸ்ட் ஸ்டேட்டஸ் 1 என்றுதான் வருகிறது. டிவைஸ் ஸ்டேட்டஸ் 0. சென்ஸ் கீ 3 அல்லது 4 ஒரு வரியிலும் இல்லை.

ஃபால்ட் டொமைன் இருக்கிறது. நான் சேருவதற்கு முன்பே அமைத்தது. 'ரேக் ஏ'யில் ஹோஸ்ட் 1, 2. 'ரேக் பி'யில் ஹோஸ்ட் 3. 'ரேக் சி'யில் ஹோஸ்ட் 4.

தாமரை | இரவு 9.58

முதல் கேள்விக்கு விடை அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. நீங்கள் நான்கு ஹோஸ்ட் என்று நினைக்கிறீர்கள்; வீசான் மூன்று டொமைன் என்று பார்க்கிறது. எஃப்டிடி 1க்குக் குறைந்தது மூன்று டொமைன் தேவை. ஓர் ஆப்ஜெக்டின் இரண்டு பிரதியும் விட்னஸும் ஏற்கெனவே மூன்றையும் அடைத்துவிட்டன. ரேக் பியில் இருந்த கம்போனென்ட் போனால், புதியதை ரேக் பிக்குள் மட்டுமே வைக்கலாம். ரேக் பி என்றால் ஹோஸ்ட் 3 மட்டும். ஹோஸ்ட் 3இல் மிஞ்சியிருப்பது இரண்டாவது டிஸ்க் குரூப் மட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குரூப்பின் கொள்ளளவு 15 டிபிக்குச் சற்று மேல். 71 சதவீதம் என்றால் ஏறத்தாழ 11 டிபி நிரம்பியிருக்கும், 4 டிபி சொச்சம் காலி. போனது 11 டிபி, இடம் 4 டிபி. 255 ஜிபி வரை வளரக்கூடிய கம்போனென்ட்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின; டிஸ்க்குகள் நிரம்ப ஆரம்பித்தன; இனி வைக்க இடமில்லை என்று நின்றுவிட்டது. கொஞ்சம் ஓடிப் பிறகு நின்றது என்றீர்களே, அது இதுதான். இப்போது அந்த இரண்டாவது குரூப்பின் டிஸ்க் நிரப்பு அளவைப் பாருங்கள். 90ஐத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

டிஸ்க் பற்றி: ஹோஸ்ட் ஸ்டேட்டஸ் 1 என்பது 'இணைப்பு இல்லை'. ஊடகப் பழுது என்றால் சென்ஸ் கீ 3 வந்திருக்கும், வன்பொருள் பழுது என்றால் 4. உங்கள் எஸ்எஸ்டி 'நான் கெட்டுவிட்டேன்' என்று சொல்லவில்லை. கன்ட்ரோலரால் அதை எட்ட முடியவில்லை. வீசான் அதை டிகிரேடட் என்று முத்திரை குத்தாமல் ஆப்சென்ட் என்று வைத்திருப்பதும் அதனால்தான். டிகிரேடட் என்றால் திரும்பாது என்று முடிவுகட்டி 60 நிமிடம் காத்திருக்காமல் உடனே மறுகட்டுமானம் தொடங்கியிருக்கும்.

எனவே அந்தக் குரூப் திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

செங்கதிர் | இரவு 10.06

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. நான்கில் மூன்று டிஸ்க் 90க்கு மேல். அந்தக் கேஷ் எஸ்எஸ்டி மட்டும் சர்வரின் பின்பக்கக் கூட்டில் இருக்கிறது, தனிக் கேபிளில். மற்றவை எல்லாம் முன்பக்கம்.

அப்படியானால் ஹோஸ்ட் 3ஐ இப்போதே ரீபூட் செய்துவிடட்டுமா? டேட்டாபேஸ் எப்போது வரும் என்று தொலைபேசி ஓயவில்லை.

வட்டுவாசி | இரவு 10.11

இப்போது வேண்டாம்.

ஹோஸ்ட் 3இன் இரண்டாவது குரூப்பை நினைத்துப் பாருங்கள். அங்கே இருக்கும் பிரதிகளில் பலவற்றின் ஜோடி ஹோஸ்ட் 1இல் இருக்கிறது. ஹோஸ்ட் 1 வெளியே இருந்தபோது அவற்றுக்கும் எழுத்து ஹோஸ்ட் 3இல் மட்டுமே நடந்தது. ஹோஸ்ட் 1 திரும்பியதும் அவை இப்போது விடுபட்டதை நகலெடுத்துக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் ஹோஸ்ட் 3ஐ அணைத்தால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களும் டேட்டாபேஸின் நிலைக்கு வந்துவிடும். இன்அக்சஸிபிள் பட்டியல் இரட்டிப்பாகும்.

ரீசிங்க் (விடுபட்டதை நகலெடுக்கும் வேலை) பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட் 1க்குப் போகவேண்டிய பாக்கி பூஜ்யம் ஆகும்வரை ஹோஸ்ட் 3இன் பவர் பொத்தான் பக்கம் யாரும் போகவேண்டாம். அந்த இடைவெளியில், ரெடியூஸ்டு நிலையில் ஒற்றைப் பிரதியோடு ஓடும் விஎம்களில் முக்கியமானவற்றுக்கு பேக்கப் எடுத்துவிடுங்கள். இப்போது அவை படிக்கக் கிடைக்கின்றன. அந்தச் சலுகை எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது.

இரவுப்பணி | இரவு 10.19

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். ஹோஸ்ட் 1இல் இருக்கும் டேட்டாபேஸ் பிரதி சில மணி நேரம்தானே பழையது? அதையே நல்ல பிரதி என்று வலுக்கட்டாயமாக ஏற்க வைக்க முடியாதா? நேற்றிரவு பேக்கப்பை விட அது புதியதாயிற்றே.

வட்டுவாசி | இரவு 10.27

நல்ல கேள்வி, மன்னிப்பு எதற்கு? ஆனால் 'சில மணி நேரம் பழையது' என்பது அந்த டேட்டாபேஸ் முழுவதும் ஒற்றை ஆப்ஜெக்டாக இருந்தால்தான் பொருந்தும். டேட்டாபேஸ் விஎம் என்றால் தரவுக்கு ஒரு விஎம்டிகே (விஎம்மின் டிஸ்க் கோப்பு), லாகுக்கு ஒன்று, இயங்குதளத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனி ஆப்ஜெக்ட்; ஒவ்வொன்றின் கம்போனென்ட்களும் வெவ்வேறு இடத்தில். லாக் விஎம்டிகே ஹோஸ்ட் 2, 4இல் நலமாக இருந்து மாலைவரை புதிதாக இருக்கலாம். தரவு விஎம்டிகே மட்டும் ஹோஸ்ட் 1 வெளியே போன நேரத்தில் நின்றுபோனதாக இருக்கலாம். பெரிய விஎம்டிகே என்றால் 255 ஜிபித் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரே டிஸ்குக்குள்ளேயே ஒரு துண்டு பழையது, அடுத்தது புதியது. பாதிப் பக்கம் மட்டும் பதிவு போட்ட பாஸ்புக்கைக் காட்டி இருப்பு இவ்வளவு என்று வாதாடுவது போன்றது அது. டேட்டாபேஸ் திறந்தாலும் ஆபத்து, திறக்காவிட்டாலும் ஆபத்து. திறந்தால்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் உள்ளே இருக்கும் முரண் வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

ஹோஸ்ட் 3 கேஷ் உண்மையாகவே இறந்துபோய்விட்டது என்று உறுதியான பிறகுதான் அந்தப் பேச்சு. அப்போதும் நான் பேக்கப்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

பொன்னி_செஃப் | இரவு 10.34

வேற்று முகாமிலிருந்து ஒரு குறிப்பு. செஃப் (வேறொரு பகிர்வுச் சேமிப்பு மென்பொருள்) பக்கமும் இதே கதை உண்டு. பிளேஸ்மென்ட் குரூப் என்ற தரவுத் தொகுப்பின் கடைசி எழுத்தைப் பார்த்த ஓஎஸ்டி (டிஸ்க்கைக் கவனிக்கும் செயலி) கீழே கிடந்தால் அது 'டவுன்' அல்லது 'இன்கம்ப்ளீட்' என்று நின்றுவிடும். பழைய ஓஎஸ்டி எத்தனை இருந்தாலும் திறக்காது. அதனால்தான் பிரதி அளவு 3, குறைந்தபட்சம் 2 என்று இயல்பாகவே வைத்திருக்கிறார்கள். பிரதி 2, குறைந்தபட்சம் 1 என்று வைப்பவர்கள் இதே இரவுக்கு எங்கள் ஐஆர்சி அரட்டைக்கு வருவார்கள்.

ஒரு வேறுபாடு: வீசான் 60 நிமிடம் பொறுக்கிறது, செஃப் இயல்பாக 600 விநாடியில் ஓஎஸ்டியை வெளியேற்றிவிட்டு மறுகட்டுமானம் தொடங்கும். எது மேல் என்று இந்த இழையில் சண்டை போட வரவில்லை.

ரஃபீக் | இரவு 10.41

எனக்கு ஒரு மாற்று யோசனை. ஃபால்ட் டொமைன்தான் தடை என்றால் அதை இப்போதே கலைத்துவிடலாமே? நான்கு ஹோஸ்டும் தனித்தனி டொமைன் ஆகிவிட்டால் நின்ற மறுகட்டுமானம் ஹோஸ்ட் 1, 2, 4க்கு ஓடும். ஒற்றைப் பிரதியோடு இத்தனை விஎம்களை விடிய விடிய விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மூன்று ஹோஸ்டின் ஆறு குரூப்பிலும் 4 டிபி வீதம் காலி. 11 டிபிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

தாமரை | இரவு 10.53

கொள்கையளவில் ரஃபீக் சொல்வது சரி, அதைச் செய்யத்தான் வேண்டும். இப்போது செய்வதா என்பதில்தான் எனக்குத் தயக்கம். டொமைனைக் கலைத்த அடுத்த நிமிடம் மிச்சமுள்ள 7 டிபி முழு நகலாக ஓடத் தொடங்கும். ஹோஸ்ட் 1இன் பழைய பிரதிகள் புதுப்பிக்கப்படும் வேலையோடு அதுவும் சேர்ந்து அதே டிஸ்க், அதே நெட்வொர்க்கைப் பங்குபோடும். நமக்கு அவசரம் அந்த முதல் வேலை. அது முடிந்தால்தான் ஹோஸ்ட் 3ஐ அணைக்க முடியும்.

இன்னொன்று: கழன்ற குரூப் திரும்பி வந்தால், அதில் இருக்கும் கம்போனென்ட்கள் விடுபட்ட எழுத்துகளை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். 7 டிபி நகல் சில பத்து ஜிபியாகச் சுருங்கும்.

கேஷ் திரும்பாது என்று தெரிந்தால் அந்த நொடியே டொமைனைக் கலைக்கலாம்.

ரஃபீக் | இரவு 11.02

நான் இன்னும் முழுதாக உடன்படவில்லை. கேஷ் திரும்பும் என்பது ஊகம். ஹோஸ்ட் 2இல் இன்னொரு டிஸ்க் விழாது என்பதும் ஊகம். இரண்டில் எந்த ஊகத்தின் மேல் பந்தயம் கட்டுவது என்பதுதான் கேள்வி. பேக்கப் ஓடுகிறது என்பதால் சும்மா இருக்கிறேன்.

செங்கதிர் | சனி, அதிகாலை 1.24

பேக்கப் முக்கியமானவற்றுக்கு முடிந்தது. ஹோஸ்ட் 1க்கான ரீசிங்க் பாக்கி பூஜ்யம். ஆப்ஜெக்ட் ஹெல்த் சுருக்கத்தை மறுபடி எடுத்தேன். ரெடியூஸ்டு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது, இன்அக்சஸிபிள் மட்டும் அப்படியே.

ஹோஸ்ட் 3ஐ மெயின்டனன்ஸுக்குக் கொண்டுபோகப் போகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

வட்டுவாசி | அதிகாலை 1.29

என்ஷூர் அக்சஸிபிலிட்டி. முன்னோட்டத்தில், ஏற்கெனவே திறக்காதவற்றைத் தவிரப் புதிதாக எதுவும் இன்அக்சஸிபிள் ஆகும் என்று காட்டினால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். உங்கள் அமைப்பில் ரேக் பி போனாலும் ரேக் ஏயில் பிரதியும் ரேக் சியில் விட்னஸும், அல்லது அதன் மறுதலையும் இருக்கும். காட்டாது என்று நம்புகிறேன்.

அணைத்த பிறகு வெறும் ரீபூட் போதாது. சாதாரண ரீபூட்டில் பேக்பிளேனுக்கும் (டிஸ்க்குகள் செருகும் பலகை) டிஸ்குக்கும் மின்சாரம் அறுபடாது. தொங்கிப்போன எஸ்எஸ்டி தொங்கியபடியே இருக்கும். இரண்டு மின்கேபிளையும் பிடுங்கி, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். டேட்டா சென்டரில் நீங்களே இருக்கிறீர்கள் என்றால் பின்பக்கக் கூட்டின் கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். எஸ்எஸ்டியை வேறு ஸ்லாட்டுக்கு மாற்ற நேர்ந்தால் மாற்றலாம், வீசான் அதைத் தன் அடையாளத்தால் கண்டுகொள்ளும். ஆனால் முதலில் அதே ஸ்லாட்டில் முயலுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றவேண்டாம்.

செங்கதிர் | அதிகாலை 2.38

மெயின்டனன்ஸ் சிக்கலின்றிப் போனது. கேபிளின் கன்ட்ரோலர் பக்க முனை முழுதாக அமர்ந்திருக்கவில்லை. ஒரு பக்கப் பூட்டு மடங்கியிருந்தது. கழற்றி நேராக்கி மாட்டினேன். பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது!

ஆனால் இப்போது துவக்கத் திரை 'வீசான்: இனிஷியலைசிங் எஸ்எஸ்டி, பிளீஸ் வெயிட்' என்ற வரியில் நிற்கிறது. வெகு நேரமாக அசைவில்லை. ரீசெட் செய்யலாமா?

தாமரை | அதிகாலை 2.41

வேண்டாம், விட்டுவிடுங்கள். அது தொங்கவில்லை, வேலை செய்கிறது. கேஷில் கொள்ளளவு டிஸ்குக்கு இறக்கப்படாமல் இருந்த எழுத்துகளின் பதிவேட்டை வரிவரியாகப் படித்து, எந்தத் தரவு எங்கே என்ற அட்டவணையை நினைவகத்தில் மறுபடி கட்டுகிறது. திடீரென்று கழன்ற குரூப் என்றால் நேரம் பிடிக்கும். நடுவில் ரீசெட் செய்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

செங்கதிர் | அதிகாலை 3.26

வந்துவிட்டது. ஹோஸ்ட் 3 கிளஸ்டரில் சேர்ந்தது, முதல் டிஸ்க் குரூப் தானாக ஏறிக்கொண்டது. ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ வீசான் ஸ்டோரேஜ் பட்டியலில் ஐந்து டிஸ்குக்கும் 'இன் சிஎம்எம்டிஎஸ்: ட்ரூ', அதாவது கிளஸ்டர் அவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டது. டேட்டாபேஸ் விஎம்மின் மூன்று ஆப்ஜெக்ட்களும் திறந்துவிட்டன. ஹோஸ்ட் 1இன் ஸ்டேல் பிரதிகள் அதைப் பார்த்து ரீசிங்க் ஆகத் தொடங்கிவிட்டன. விஎம்மை எழுப்பினேன், டேட்டாபேஸ் தன் வழக்கமான மீட்பை ஓட்டி மேலே வந்தது. உள் சரிபார்ப்பில் பிழை இல்லை. முதல் வேலையாக அதன் பேக்கப் ஓடுகிறது.

வட்டுவாசி ஐயா, தாமரை அக்கா, ரஃபீக் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. தூங்கிவிட்டு வருகிறேன்.

ரஃபீக் | சனி, காலை 9.50

மகிழ்ச்சி. பந்தயத்தில் நான் தோற்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

எழுந்ததும் ஒன்று சொல்லுங்கள்: மூன்று ரேக் உண்மையாகவே இருக்கிறதா?

செங்கதிர் | சனி, பகல் 12.15

இல்லை அண்ணா. பழைய கட்டடத்தில் இருந்தபோது மூன்று ரேக். இப்போது நான்கும் ஒரே ரேக்கில், ஒரே ஜோடி ஸ்விட்சில். ஃபால்ட் டொமைன் பெயர்கள் மட்டும் கூடவே வந்துவிட்டன.

ரீசிங்க் எல்லாம் முடிந்ததும், இன்று மாலை டொமைன்களைக் கலைத்துவிடுகிறேன். ஹோஸ்ட் 3இன் இரண்டாவது குரூப்பில் அடைத்துவைத்த சுமையும் பிறகு பரவிவிடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் என் மேலாளர் கேட்கும் கேள்வி வேறு: மெயின்டனன்ஸுக்கு 'ஃபுல் டேட்டா மைக்ரேஷன்' (எல்லாத் தரவையும் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?

தாமரை | பகல் 12.40

தேர்ந்தெடுத்திருந்தாலும் முடிந்திருக்காது என்று கணக்கோடு சொல்லுங்கள். ஹோஸ்ட் 1இல் ஏறத்தாழ 22 டிபி. ரேக் ஏக்குள் வேறு இருப்பது ஹோஸ்ட் 2 மட்டும். அதில் காலி 9 டிபிக்குக் கீழே. ஆரம்பத்திலேயே மறுத்திருக்கும்.

ஒவ்வொரு ஹோஸ்டும் தனி டொமைனாக இருந்தால் நிலைமை கொஞ்சம் மேல்: 22 டிபியை மூன்று ஹோஸ்டின் 26 டிபி சொச்சத்தில் திணிக்கலாம், ஆனால் எல்லா டிஸ்கும் 90க்கு மேல் போகும், 80ஐத் தாண்டினாலே வீசான் தானாகச் சுமையை இடம்மாற்றத் தொடங்கிவிடும், அது வேறு கூடுதல் வேலை. இந்தக் காலத்துப் பதிப்புகளுக்கு 25 முதல் 30 சதவீதம் காலியாக வையுங்கள் என்று சொன்னது சும்மா இல்லை, அதிலும் ஹோஸ்ட் ஒன்றை முழுதாகக் காலி செய்யும் கணக்கு அடங்காது. மேலாளரிடம் நான் கேட்பது இன்னொரு ஹோஸ்ட், அல்லது ஒவ்வொரு ஹோஸ்டிலும் மூன்றாவது டிஸ்க் குரூப். எந்தப் பொத்தானை அழுத்தியிருக்கலாம் என்ற பேச்சு பணம் கொடுக்காமல் தப்பிக்கும் பேச்சு.

வட்டுவாசி | பகல் 1.05

தாமரையின் கடைசி வாக்கியத்தை அச்சடித்துக் கொடுக்கலாம்.

பதிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். 6.7க்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 7.0 அப்டேட் 1இல் 'டியூரபிலிட்டி கம்போனென்ட்' என்று ஒன்று வந்தது: ஒரு ஹோஸ்ட் என்ஷூர் அக்சஸிபிலிட்டியில் வெளியே இருக்கும்போது, அதற்குப் போகவேண்டிய புது எழுத்துகளை வேறு ஹோஸ்டில் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும். நேற்று அது இருந்திருந்தால், ஹோஸ்ட் 3 குரூப் முழுதாக எரிந்துபோயிருந்தாலும் ஹோஸ்ட் 1இன் பழைய பிரதியையும் அந்த எழுத்துகளையும் சேர்த்து டேட்டாபேஸை மீட்டிருக்கலாம். அப்டேட் 2இல் திட்டமிடாத பழுதுகளுக்கும் அதை நீட்டித்தார்கள். ஆனால் 7க்கே பொது ஆதரவு 2025 அக்டோபர் 2இல் முடிந்துவிட்டது, போவதென்றால் குறைந்தது 8. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பிறகு உரிமக் கணக்கு மாறிவிட்டது, அதனால் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள்.

இரவுப்பணி | பகல் 1.22

8இல் ஈஎஸ்ஏ (வீசானின் புதிய சேமிப்பு அமைப்பு) போட்டால் கேஷ் பிரச்சினையே இல்லை என்கிறார்களே, உண்மையா ஐயா?

வட்டுவாசி | பகல் 1.31

ஈஎஸ்ஏயில் டிஸ்க் குரூப்பும் கிடையாது, தனிக் கேஷும் கிடையாது. ஒரு என்விஎம்இ டிஸ்க் போனால் அந்த ஒன்றுதான் போகும். பழைய அமைப்பில் கேஷ் போனால் குரூப்பே போகும். டீடூப் போட்டிருந்தால் கொள்ளளவு டிஸ்க் ஒன்று போனாலும் குரூப் போகும். அந்த வகையில் உண்மை. ஆனால் இருக்கும் சர்வரில் அப்படியே ஏற்றிவிட முடியாது, சான்றளிக்கப்பட்ட என்விஎம்இ வேண்டும். இரண்டு பிரதியில் ஒன்றை வெளியே வைத்திருக்கும்போது மற்றது விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எந்த அமைப்பிலும் இருக்கும்.

செங்கதிர் | ஞாயிறு, மாலை 5.40

நிலவரம்: டொமைன்களைக் கலைத்தாயிற்று, தரவு நகர்வு எதுவும் கட்டாயமாகவில்லை, எல்லா ஆப்ஜெக்டும் பாலிசிக்கு இணங்குகின்றன. பின்பக்கக் கேபிளுக்கு மாற்று கேட்டிருக்கிறேன். வந்ததும், ஹோஸ்ட் 3இன் முதல் குரூப்பை முழுதாகக் காலி செய்துவிட்டு மாற்றுவேன்.

ஒரே ஒரு மிச்சம். ஹெல்த் பக்கத்தில் இன்னும் சில இன்அக்சஸிபிள் ஆப்ஜெக்ட்கள். எந்த விஎம்மோடும் இணைப்பில்லை, வெறும் யூயூஐடி (அடையாள எண்) மட்டும். இவற்றை அழித்துவிடலாமா?

தாமரை | ஞாயிறு, மாலை 6.02

அநேகமாக ஸ்வாப் ஆப்ஜெக்ட்களாக (நினைவகம் போதாதபோது விஎம் பயன்படுத்தும் தற்காலிக இடம்) இருக்கும். வெள்ளியன்று தொங்கிய விஎம்களை வலுக்கட்டாயமாக அணைத்திருப்பீர்கள். அவற்றின் பழைய ஸ்வாப் அப்படியே அனாதையாக நிற்கும். ஆனால் 'அநேகமாக' என்பதை நம்பி அழிக்காதீர்கள்.

ஹோஸ்டில் ஆப்ஜெக்ட் டூலைக் கொண்டு ஒவ்வொரு யூயூஐடிக்கும் பண்புகளைக் கேளுங்கள். வகை 'விஎம்ஸ்வாப்' என்றும், பாதையின் கடைசியில் ஸ்வாப் கோப்புக்கான விஎஸ்டபிள்யூபி என்றும் வந்தால் ரூபி கன்சோல் என்ற கட்டளைத் திரையில் இன்அக்சஸிபிள் ஸ்வாப்களை நீக்கும் கட்டளை இருக்கிறது. அது ஸ்வாப்பை மட்டுமே தொடும். வகை 'விடிஸ்க்' (விஎம்மின் டிஸ்க்) என்று ஒன்றாவது வந்தால் அதை விட்டுவைத்து, பாதையை இங்கே போடுங்கள்.

செங்கதிர் | ஞாயிறு, இரவு 7.18

எல்லாமே விஎம்ஸ்வாப், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று விடிஸ்க். பாதையைப் பார்த்தால் முன்பு யாரோ சோதனைக்கு உருவாக்கிய விஎம், பாலிசி எஃப்டிடி 0. அதன் ஒற்றைக் கம்போனென்ட் ஹோஸ்ட் 4இல் எப்போதோ மாற்றிய டிஸ்கில் இருந்திருக்கிறது. அது யாருடையது என்று நாளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன். ஸ்வாப்களை நீக்கிவிட்டேன்.